இடம் பிடித்த தோசைக் கரண்டி

தி.நகர் நிலையத்தில் பல்லவன் பஸ் வந்து நிற்பதற்குள், கையில் இருப்பதை ஜன்னல் வழியாகப் போட்டு மனைவி ஜைத்தூனுக்குச் சீட்டுப் பிடித்துவிடுவார் வலியுல்லா. குடையைப் போட்டிருக்கிறார், காலிஃப்ளவரைப் போட்டிருக்கிறார். ஒருமுறை ரங்கநாதன் தெருவில் அப்போதுதான் வாங்கிய தோசைக் கரண்டியைப் போட்டார். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்த கரண்டியைப் பார்த்துப் பஸ்ஸே சிரித்தது. ஜைத்தூனுக்கு மானம் போயிற்று.

அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகிறது. புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா காலம் என்பதால் ஜைத்தூன் வாசலைத் தாண்டுவதில்லை. வெள்ளிக்கிழமை காலை அதே கரண்டியால் மகன் யாசிருக்குத் தோசை சுட்டுப் போட்டு, கழுவி ஆணியில் மாட்டினாள்.

ஜும்மா தொழுகை முடிந்து கபரஸ்தானில் ஓதிவிட்டு வந்த யாசிரின் முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே தோசைக் கரண்டி.

“அத்தா கபருக்குப் பக்கத்துல காலி இடம் கீதுல்ல, அங்க கெடந்துச்சும்மா. யாரு போட்டாங்கன்னே தெரில.”

ஜைத்தூன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெறும் ஆணிதான் இருந்தது. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன்டா எடுத்தாந்த?” என்றாள் பிறகு. “வேற யாராச்சும் வந்துடப் போறாங்க. ஓடிப் போய் அங்கயே போட்டுட்டு வா.”