இடுப்பு உயரத்தில் ஒரு வரி

சுருளி அருவித் தண்ணி மேல சத்தியம்! இதில் ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் நாக்கு இன்னிக்கே மரத்துப் போகட்டும்.

வடுகபட்டியில் ஞானதுரை வீட்டுச் செங்கல் சுவர் முடுக்குச் சந்து நெடுக அரித்துக் கிடந்தது. இடுக்கெல்லாம் காரை உதிர்ந்து, பல்லிகள் குடும்பம் நடத்தின. கொத்தனார் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டார்.

“எல்லா இடுக்கையும் மட்டமா அடைச்சிரு. இடுப்பு உயரத்துல இந்த ஒரு வரியை மட்டும் விரல் போற அளவு குழியா விடு.”

“அசிங்கமா இருக்கும்ணே.”

“இருக்கட்டும். அதுக்குச் சிமெண்டும் வேணாம், சொரசொரங்கும். சுண்ணாம்புக் கலவை வச்சு, கூழாங்கல்லால வழவழன்னு தேய்ச்சிரு.”

தேய்த்த தேய்ப்பில், அந்த வரியில் ஏறிய எறும்பு வழுக்கி விழுந்து நொண்டியது. நான் பார்த்தேன்.

ஊரே சிரித்தது. கூடுதலாய்ச் சிரித்தது பவுனு. முடுக்கின் இந்தக் கோடியில் அவளுக்கு வீடு, அந்தக் கோடியில் இட்லிக் கடை. குப்பைத் தகராறில் ஞானதுரையோடு பேச்சை முறித்து வருசக் கணக்காச்சு.

“கலவையில மிச்சம் பிடிக்கிற மூஞ்சியைப் பாரு!”

தங்கப்பாண்டியன் கரண்டியோடு வந்து நின்றான். “அண்ணே, என் தொழில் பேரு கெடுது. அடைச்சிர்றேன்.”

“விடியக்காலம் வந்து பாரு. பெறகு அடை.”

விடியலில் ஞானதுரை வீட்டு ஜன்னலோரம் நானும் சேர்ந்து மூணு பேரா நின்றோம். பவுனு வந்தாள். வலது கை தானாகச் சுவருக்குப் போனது. விரல் அந்தக் குழிக்குள் இறங்கி, வழுக்கிக்கொண்டே போனது. வரி முடிந்த இடத்தில் நின்றாள். கை நீட்டினாள். கடைப் பூட்டு.

“கண்ணு...?” என்றான் தங்கப்பாண்டியன்.

“மங்கிப்போச்சு” என்றார் ஞானதுரை. “ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரிதான் துணைக்குப் போனா. கைய விரிச்சிட்டாக. மகனுக்குத் தெரிஞ்சா கடையை மூடித் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவான். பழைய சுவத்தைத் தடவித் தடவி விரலெல்லாம் ரத்தம்ப்பா.”

தங்கப்பாண்டியன் கரண்டியைப் பைக்குள் போட்டான்.

பால் வாங்க எதிரில் ஒருத்தி வரும் சத்தம். விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு பவுனு குரலை உயர்த்தினாள்: “கஞ்சப்பய! ஒரு வரி அடைக்கத் துப்பில்ல!”

உள்ளே ஞானதுரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதீக. மகன் காதுக்குப் போயிட்டா, எனக்கு யாருய்யா இட்லி தருவா?