அப்பாவின் தொப்பை

முற்றுகை இறுகி நகரத்துக்குள் அரிசி வருவது நின்றபின், தவநேசனின் தொப்பைதான் அந்த வீட்டுக்கு அடுப்படி. மாலையானதும் மனைவி சுபத்திரா மெல்லிய குழாயின் ஒரு முனையை அவர் வயிற்றிலும் மறுமுனையை மகள் ஆரணியின் கையிலும் பொருத்துவாள். நடுவில் இருக்கும் சின்ன மெஷின் அவருடைய கொழுப்பை உருக்கி மகளுக்கு உணவாக அனுப்பும்.

உடம்பு கடைசியாகச் சேர்த்ததைத்தான் முதலில் எடுக்கும் என்று தவநேசன் மகளிடம் சொல்லியிருந்தார். அதனால் அவள் தினமும் கேட்பாள்.

“இண்டைக்கு என்ன சாப்பாடு, அப்பா?”

“போன தீபாவளிக்குச் சாப்பிட்ட ஆட்டிறைச்சி.”

பிறகு அவளுடைய ஐந்தாவது பிறந்தநாள் கேக் வந்தது. அதற்கும் பிறகு, அவள் பிறந்த சேதி கேட்டு அவர் வாயில் போட்டுக்கொண்ட கற்கண்டு. ஒவ்வொன்றும் எப்படி ருசித்தது என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். தவநேசன் சட்டைக்குள் சுருங்கிக்கொண்டே போனார்.

இன்று அவர் சிரித்தபடி சொன்னார்: “இண்டைக்குப் பெரிய விருந்து, பிள்ளை. எங்கட கலியாண வீட்டுச் சாப்பாடு. பாயாசம் மட்டும் மூண்டு தரம் வாங்கிக் குடிச்சனான்.”

ஆரணி தாயைப் பார்த்தாள். “அம்மா, கலியாணத்துக்கு முதல் அப்பா எலும்பும் தோலுமா இருந்தவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

ஆரணி கை நீட்டி மெஷினை நிறுத்தினாள்.

“எனக்கு வயிறு நிறைஞ்சிட்டுது.”

“இன்னும் பாயாசம் வரேல்லையே, பிள்ளை.”

“அதை நீங்கள் வைச்சிருங்கோ, அப்பா.”