கொசுக்கடி

கல்லீரல் மாற்றிய மூன்றாம் மாதம் பித்தக்குழாய் சுருங்கி, கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. மருத்துவமனையில் கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு காப்பு மாட்டி அனுப்பினார்கள். அதன் வழியே அவர் வேதனையில் ஒரு பங்கு அவளுக்குப் போகும். எவ்வளவு என்பது அவள் விருப்பம்.

"கால்வாசிதாங்க வச்சிருக்கேன். கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு," என்றாள் செண்பகவல்லி. அவரும் நம்பினார். மிச்ச அரிப்புக்கே அவளிடம் எரிந்து எரிந்து விழுந்தார்.

இன்று இட்லி மாவைக் கரைக்கப் போனவள், பாடிக்கொண்டே, பழக்கதோஷத்தில் வளையலோடு சேர்த்துக் காப்பையும் கழற்றி வைத்தாள். கூடத்தில் அவர் துடித்துப்போனார். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை தீப்பிடித்தது போலிருந்தது. ரத்தம் வரப் பிறாண்டினார். இதுவா கால்வாசி? கூப்பிட வாயெடுத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரமாவது அவள் அரிப்பில்லாமல் இருக்கட்டும்.

பாட்டு நின்றது. "ஐயையோ, காப்பைக் கழட்டிட்டேனே!"

சட்டென்று அரிப்பு அடங்கியது.

"ரொம்ப அரிச்சுதாங்க?"

"இல்லியே. கொசு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு," என்றார், கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு.

அடுக்களையில், விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.