பாதிச் சொல்

அவள் கையை உயர்த்தினாள். முதல் ஆள் நடக்கலாம்.

துளசிகா நடந்து வந்தாள். கார் தரிப்பிடத்துச் சரளைக்கல் சப்பாத்துக்கடியில் நொறுங்கியது.

உயர்த்திய கைக்குள் இருந்த கருவி கூவியது.

பீப்.

“போயிட்டு வா.”

ஐப்பசி ஞாயிறு, மத்தியானம். பனி இன்னும் ஊருக்குள் இறங்கவில்லை. எதிர் மலையின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. இந்தக் கூட்டத்துக்கு அது போதும். பாதை போடாத மலைகளில் ஏறிச் சறுக்கும் பைத்தியம் வருடத்தில் ஐந்து மாதம். மிச்சம் ஏழு மாதமும் அதைப் பற்றிய பேச்சு. இன்றைக்கு ஏற்றமில்லை; ஆயத்தமும் ஒத்திகையும்தான். காலையிலிருந்து எல்லோரும் சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்த்தார்கள். சப்பாத்துகளைப் பூட்டிப் பார்த்தார்கள். கருவிகளுக்குப் புதுப் பற்றரி போட்டார்கள்.

நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கருவி. அதில் இரண்டு நிலை. அனுப்பு. தேடு.

“அனுப்பு”வில் இருந்தால்தான் பனிக்குள் புதைந்த ஆளை மற்றவர்கள் கண்டுபிடிக்கலாம். அதனால் மலை ஏறுமுன் ஒருவர் “தேடு”வில் வைத்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடப்பார்கள். சத்தம் கேட்டால் அவர் ஒரு சொல் சொல்வார். சொல் வரும்வரை அசையக்கூடாது.

சுவிஸ்காரர் தங்கள் பாஷையில் “போ” என்பார்கள். வெறும் “போ” சொல்ல இவர்களுக்கு வாய் கூசியது. “போயிட்டு வா” ஆக்கிக்கொண்டார்கள்.

துளசிகாவின் புருஷன் வாகீசன் கடந்தான். பீப். “போயிட்டு வா.”

வாகீசனின் தங்கை பிரதா கடந்தாள். பீப். “போயிட்டு வா.”

நாலாவது ஆளுக்குக் கை தானாக உயர்ந்தது.

இறக்கினாள். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் தம்பி நிமலன் எப்போதும் கடைசி. எல்லாவற்றுக்கும் கடைசி. போன மாசியிலும் ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்தான். காரில் வரும் வழியெல்லாம் அக்காவும் தம்பியும் சண்டை.

அக்காவின் கருவியைப் பார்ப்பது அவன் வேலை. சண்டையோடு சண்டையாக, தன்னுடையதைத் “தேடு”வில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

பீப்.

“போயிட்டு வா அக்கா.”

பிறகு அதை “அனுப்பு”க்கு மாற்ற மறந்துபோனான்.

கடைசி ஆளாக அவளைக் கடந்தபோது சத்தம் வரவில்லை.

வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நிறுத்தியிருக்கலாம். அவ்வளவு கோபம். ஒரு சொல்தான் சொன்னாள்.

போ.

அன்றைக்கு மலை சரிந்தது. ஐந்து பேர் போய் நாலு பேர் வந்தார்கள்.

நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்தி, மூன்றாம் நாள்தான் அவனை எடுத்தார்கள். கருவி “தேடு”வில் இருந்தது. சரிவைக் கண்டதும் எங்களைத் தேடத்தான் மாற்றியிருக்கிறான் என்று செத்த வீட்டில் வாகீசன் அழுதான். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் இன்னும் நடமாடுகிறாள்.

அக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வந்து, மெழுகு தேய்த்தாள்.

மற்ற மூவரும் காரை நோக்கி நடந்தார்கள். அவள் தன் கருவியை “அனுப்பு”க்கு மாற்றி நெஞ்சில் கட்டினாள்.

காரில் ஏறப்போன துளசிகா திரும்பினாள்.

“அக்கா, உங்கடய ஆர் பாக்கிறது?”

கேட்ட பிறகுதான் துளசிகாவுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு காருக்குள் ஏறிவிட்டாள்.

அப்போதுதான் பின்னால் கேட்டது.

பீப்.

“அனுப்பு”வில் இருக்கும் கருவி கூவாது. காருக்குள் இருந்த மூன்றும் “அனுப்பு”வில் இருந்தன. அவளுடையதும் “அனுப்பு”வில்.

நிமலனுடையது வீட்டு அலுமாரியில். பற்றரியை அவளே கழற்றி வைத்தாள். நிலையை மாற்ற மட்டும் மனம் வரவில்லை.

அது இன்னும் “தேடு”வில்தான் இருக்கிறது.

பீப்.

கிட்டே.

பீப். பீப்.

சரளைக்கல் நொறுங்கியது. ஒரு காலடி. இன்னொன்று.



பயம்தான். ஆனால் எட்டு மாதத்தில் முதல்தடவையாக நெஞ்சு லேசாகவும் இருந்தது. உண்மை தெரிந்த ஆள் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான்.

திரும்பாமல் சொன்னாள்.

“சத்தம் வரேல்லை எண்டு எனக்குத் தெரியுமடா. தெரிஞ்சுதான் விட்டனான்.”

பீப் நின்றது.

சொல் வரும்வரை அசையக்கூடாது. அசையாமல் நின்றாள். எதிர் மலையில் மேகம் விலகி வெள்ளை தெரிந்தது. காலையில் பார்த்ததைவிடக் கீழே இறங்கியிருந்தது.

அவன் எப்போதும் முழுச் சொல்லையும் சொல்கிறவன். சண்டையிலும் சொன்னவன்.

காதருகே, பாதிதான் வந்தது.

வா அக்கா.

அவள் தலையாட்டினாள்.

“வாறன்,” என்றாள்.

காருக்குள் இருந்தவர்கள், தங்களுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள்.