தலைச்சுமைப் பாடம்

தலையிலிருந்த உப்புக் கூடையை வரப்பில் இறக்கிவிட்டு, ஆரோக்கியசெல்வி அவசரமாகப் போனை எடுத்தாள். வெளிநாட்டுக் குடோனில் வேலைக்குப் போயிருந்த மகன் லூர்துதான்.

"அம்மா, முதுகுல மூட்டைய கட்டி ஓட வுடறாங்கமா. தோளு ரெண்டும் பிஞ்சி போச்சி."

"புது ஆளுன்னா அப்படித்தான்டா பழக்குவாங்க. துணிய மடிச்சி தோள்ல வச்சிக்க."

"வச்சிக்கிட்டுதான் ஓடுனேன். பாதியில வுழுந்துட்டேன்."

"குனிஞ்சி ஓடியிருப்ப! நம்ம மரக்காணத்து உப்பளத்துல கூடை தூக்கற எவளாவது குனியறாளா? கழுத்த நிமித்து, நெஞ்ச தூக்கு, நிதானமா நட. எந்தச் சுமையும் சரியாது."

பின்னால் கூடையோடு வந்த மேரிசெல்வி சிரித்தாள். "ஏன்க்கா, போன்லயே ட்ரெயினிங்கா?"

"பின்ன, என் புள்ள அங்க போயி பேரு கெடுக்கறதா? டேய், கேக்குதா? நிமிந்து நடப்பியா?"

"மாட்டேம்மா." லூர்துவின் குரல் உடைந்தது. "நிமிந்தா சுட்டுடுவாங்களாம். குனிஞ்சே ஓடணும்னு அடிச்சிப் பழக்கறாங்க."

"யாருடா சுடறது? குடோன்லயா?"

"குடோனே இல்லமா. புரியாத பாஷையில ஏஜென்ட் கையெழுத்து வாங்குனது பட்டாளத்துக்கு. நாளைக்கு சண்டைக்கு ஏத்தறாங்க. ஐயோ, போன புடுங்க வர்றாங்கமா..."

ஆரோக்கியசெல்வி வரப்பில் சரிந்து விழுந்தாள்.

"குனிஞ்சிக்கடா! அம்மா சொன்னது தப்புடா. தரையோட தரையா குனிஞ்சி ஓடுடா, என் சாமி!"

கட்டாகிப்போன போனில் அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.