திலகம் டீச்சரின் ஓட்டு

"தோத்துட்டா தை மாசம் மெட்ராஸ். ஜெயிச்சா மட்டும்தான் இங்கே. அப்புறம் பேச்சு மாத்தக் கூடாது, சொல்லிட்டேன்!"

திலகம் தோசைத் திருப்பியை நீட்டியபடி சொன்னாள். கையெல்லாம் பச்சைப் பெயின்டோடு நின்ற கணவர் மோகனதாஸ் தலையை ஆட்டினார்.

"மாத்தல. சத்தியமா."

எழுபத்தைந்தாம் வருஷம். கங்காரு தேசத்து நார்த்மீடில் அப்போது புடவை கட்டிய ஒரே ஆள் திலகம்தான். துவரம்பருப்பு ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. கறிவேப்பிலையைக் கனவில்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் அது ஒரு காலம்! பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் நீட்டுவார். பதிலுக்கு மிளகாய் போட்ட வடை போனால், கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்பார்.

அந்த ஊர் ஓடைக்கரையில் அடர்த்தியாக யூகலிப்டஸ் மரங்கள். அத்தனையையும் வெட்டிப்போட்டு ஃபிளாட் கட்ட ஒரு கம்பெனி கிளம்பியது. அந்த நேரம் பார்த்து வார்டு கவுன்சிலர் ஒருவர் இறந்துபோய் இடைத்தேர்தல் வர, இன்ஜினியர் மோகனதாஸ் சுயேச்சையாகக் குதித்துவிட்டார். பச்சைக் கட்சி என்றெல்லாம் அப்போது ஏது? பலகையில் பச்சைப் பெயின்டில் பெயரை எழுதிக்கொண்டு, மரங்களைக் காப்பாற்றுங்கள் என்று வீடு வீடாகப் படியேறினார். தெருவே அவரை 'கிரீன் மோகன்' என்று கூப்பிட ஆரம்பித்தது.

திலகத்துக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பெரம்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அவள். உள்ளே நுழைந்தால் வகுப்பே கப்சிப். இங்கேயோ அவள் படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தை மாசம் அவளுடைய லீவு முடிகிறது. அதற்குள் ஊர் போய்ச் சேராவிட்டால் அந்த வேலையும் அம்பேல்.

"நோட்டீஸ் மடிக்கக்கூட என்னைக் கூப்பிடாதீங்க. கையால தொடமாட்டேன்."

"தொட வேணாம். ஓட்டு மட்டும் வந்து போட்டுடு. போடலேன்னா இந்த ஊர்ல ஃபைன்."

"போடறேன். ஆனா உங்களுக்குன்னு நினைச்சுக்காதீங்க."

"அது உன் இஷ்டம். இங்கே எப்படிப் போடணும்னா..."

"எம்.எஸ்ஸி. படிச்சவளுக்கு ஓட்டுப் போடச் சொல்லித் தர்றீங்களாக்கும்?"

மோகனதாஸ் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் வீட்டில் அதுதான் புத்திசாலித்தனம்.

சனிக்கிழமை. பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் கேக் விற்றுக்கொண்டிருந்தார்கள். வேட்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று சீட்டு நீட்ட, மோகனதாஸும் நீட்டினார். திலகம் முன்பின் தெரியாதவரைப்போல அவரைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போனாள்.

மேஜைக்காரர் ஓட்டுச் சீட்டைக் கொடுத்து, எல்லாக் கட்டத்திலும் நம்பர் போடச் சொன்னார். நாலு பெயர்கள். மூன்றாவது, மோகனதாஸ்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்கு மனசு பிசைந்தது. பாவம், செருப்பு தேய அலைந்தாரே மனுஷன்! இந்த ஊருக்கு வந்து அவள் வாய்விட்டுச் சிரித்ததே அந்த ஓடைக்கரையில்தான். மரத்துமேல் உட்கார்ந்து ஒரு குக்கபரா பறவை கெக்கெக்கென்று சிரிக்க, அவளும் அடக்க முடியாமல் சிரித்தாள். அன்றைக்கு அவர் முகத்தில்தான் எவ்வளவு சந்தோஷம்!

ஆனால் பெரம்பூர்? அவளுடைய வகுப்பு?

திலகம் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். கணவருக்கு எதிராகவே போட்டாள். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை சாயந்திரம் மோகனதாஸ் ஓட்டமாக ஓடிவந்தார்.

"ஜெயிச்சுட்டேன் திலகம்! திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தாங்க. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்! மரமெல்லாம் பொழைச்சுது!"

அவர் முகமெல்லாம் சிரிப்பு. திலகம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரம்பூர் போச்சு. வேலை போச்சு. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட அவளால் முடியவில்லை.

"அந்த ஒரு ஓட்டு உன்னுதுதான். வாயாலே திட்டிக்கிட்டே கையாலே காப்பாத்திட்டியே!"

அதைக் கேட்டதும் அவளுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை.

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. நான் உங்களுக்கு எதிராத்தான் போட்டேன்."

மோகனதாஸின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ அந்த டக்ளஸுக்கா போட்டே? ஃபிளாட் வேணும்னு நின்னவனுக்கா?"

"ஆமா! அவருக்குத்தான் முழுசா நாலு போட்டேன். மத்த ரெண்டு பேருக்கு மூணும் ரெண்டும். கட்டின புருஷன்னுகூடப் பார்க்காம உங்களுக்கு ஒரே ஒரு மார்க்தான் போட்டேன், போதுமா?" என்று விசும்பினாள் திலகம்.

மோகனதாஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடிப் பாவி டீச்சர்! இந்த ஊர்ல போடறது மார்க் இல்லடி, ரேங்க்! எனக்கு ஃபர்ஸ்ட் ரேங்க் குடுத்து ஜெயிக்க வெச்சதே நீதான்!"