செவ்வாய்க்கிழமை சவாரி

போல்ட் அசையவில்லை.

ஸ்பேனரின் முனையில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, இசக்கி அதன்மேல் ஏறி நின்றாள்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு துரு உதிர்ந்தது. கீச்சென்று திரும்பியது.

ஆட்டோவின் பின்பக்கம் செங்கல் அடுக்கின்மேல் தூக்கி நின்றது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையைக் கழற்றி எடுத்து, மடியில் வைத்துப் பார்த்தாள்.

உள்ளே குலுக்கலைத் தாங்கும் ரப்பர் புஷ் என்று ஒன்று இல்லவே இல்லை. கறுப்புத் தூள்தான் கொட்டியது.

எட்டு மாதமாக இதைத்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியிருந்தாள். டக் டக் என்ற சத்தம் காதுக்குப் பழகிவிட்டது.

சத்தம் அவளுக்கு. அடி அவருக்கு.

ஆசீர்வாதம் சார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு இவள் வண்டியில்தான் போவார். முதுகெலும்பு தேய்ந்த மனிதர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

ஜெபம் செய்கிறார் என்று நினைத்திருந்தாள்.

இரண்டு வாரமாக அவர் கூப்பிடவில்லை. நேற்று ஆட்டோ ஸ்டாண்டில் கொம்பையா அண்ணன்தான் சொன்னார்.

"சார் எங்கிட்ட வேற வண்டி கேட்டாரு இசக்கி. குலுக்கல் தாங்க முடியலையாம். அந்தப் பிள்ளகிட்ட சொல்லிராதீங்க, வருத்தப்படும்னாரு."

ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். சாரின் அடுத்த டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமை. அவளுக்கு அதற்குள் வேண்டும்.

புஷ்ஷின் இரும்பு உறை துருவோடு ஒட்டிப்போயிருந்தது. ரம்பத்திலிருந்து பிளேடை மட்டும் கழற்றி, துணி சுற்றிப் பிடித்து, உள்ளிருந்து அறுத்தாள். விரலையும் அறுத்துக்கொண்டாள்.

புதிதை அழுத்தி ஏற்ற மெஷின் இல்லை. நீளமான போல்ட் ஒன்று. தடித்த வாஷர் இரண்டு. அதே குழாய்த் துண்டு. நட்டை முறுக்க முறுக்க, சோப்புத் தண்ணீர் தடவிய புஷ் நூல் நூலாக உள்ளே இறங்கியது.

இரண்டு பக்கமும் முடிந்தபோது திங்கட்கிழமை சாயங்காலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு அவர் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள்.

கதவு திறக்க நேரமாயிற்று. சார் வெறுங்காலோடு வந்தார். பாதங்கள் வீங்கியிருந்தன.

"வண்டிய சரி பண்ணிட்டேன் சார். இனி குலுங்காது."

"நீயேவா?" அவள் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். "நல்லதும்மா. ஆனா நான் போன வியாழனோட நிறுத்திட்டேன்."

"கொம்பையா அண்ணன் அனுப்பின வண்டியையா?"

"டயாலிசிஸயே."

நிறுத்தினால் எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இரண்டு வருடம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருக்காகக் காத்துக் கிடந்தவள்.

"குலுக்கலாலயா சார்?"

"சேச்சே, அது இல்ல. வயசாயிட்டு. போதும்."

மிக வேகமாகச் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால், அதற்கும் சேச்சே என்பார்.

"சும்மா ஏறி உக்காருங்க சார். ஆத்துப் பாலம் வரைக்கும்."

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டை மாட்டிக்கொள்ள உள்ளே போனார்.

சைக்கிள்கள் முந்திப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டினாள்.

முதல் வேகத்தடை. வண்டி ஏறியது, இறங்கியது. அவ்வளவுதான்.

இரண்டாவது.

பின்னால் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"மொதல்லயே இப்படி இருந்திருந்தா..."

என்றவர், நிறுத்திக்கொண்டார்.

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பாலம் முடிந்தது. எதிரே ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை.

அவள் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.

அவரும் திருப்பச் சொல்லவில்லை.